ஊசிக்குப் பின் மீண்டும் சிக்கும் விரல்

"ஊசி போட்டபின் சில மாதங்கள் விரல் நன்றாக இருந்தது; இப்போது மறுபடியும் மடங்கிச் சிக்கிக்கொள்கிறது. செய்த மருத்துவம் வீணா?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து வரும் நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. லேத் பட்டறையில் நிற்பவருக்கும், தையல் பிரிவில் கத்தரிக்கோல் பிடிப்பவருக்கும், பூக் கட்டி விற்பவருக்கும் விரலே பிழைப்பு. ஆதலால் அவர்களது கவலை நியாயமானதே.

'டிரிகர் ஃபிங்கர்' எனப்படும் இந்நோயை 1850-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் நோட்டா விவரித்தார். விரலை மடக்கும் தசைநாண், கயிறு போல, சில வளையங்களின் வழியே ஓடுகிறது. உள்ளங்கையில், விரலின் அடிப்பகுதியில் உள்ள முதல் வளையம் தடித்து, தசைநாணும் வீங்கினால், கயிற்றின் முடிச்சு துளையில் மாட்டுவது போல விரல் சிக்குகிறது. நீட்டும்போது 'டக்' என்று விடுபடுகிறது. காலையில் இத்தொல்லை மிகுதி.

ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைத் தணிக்கிறது. சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ விரல் இலகுவாகிறது. பலருக்கு அத்துடன் தொல்லை தீர்கிறது. ஆனால் ஊசி வளையத்தை அகற்றுவதில்லை. தடிப்பு எஞ்சியிருந்தால் நோய் திரும்பக்கூடும். நீரிழிவு உடையோருக்கும், பல விரல்களில் நோய் உள்ளோருக்கும் இவ்வாய்ப்பு அதிகம். எனவே திரும்பி வருவது உங்கள் தவறும் அன்று. முதல் ஊசி வீணானதன் அடையாளமும் அன்று.

மீண்டும் சிக்கினால் என்ன செய்வது?

முதலாவதாக, முன்னர் எந்த விரலில், எப்போது, எத்தனை ஊசி போடப்பட்டது என்னும் குறிப்பைக் கொண்டு வாருங்கள். வேறிடத்தில் போட்டதை மறைத்து மற்றொன்று போட்டுக்கொள்ள வேண்டாம். அடிக்கடி போடும் ஊசியால் தோல் வெளுத்து மெலியலாம். அரிதாகத் தசைநாண் அறுந்துபோகவும் கூடும். தகுந்த இடைவெளி விட்டு இரண்டாம் ஊசி போடுவது வழக்கம். அதன் பின்னரும் திரும்பினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவோம்.

இரண்டாவதாக, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள்கள் இரத்தச் சர்க்கரை உயரும். அந்நாள்களில் அடிக்கடி பரிசோதிக்க வீட்டார் துணை நிற்க வேண்டும். மாத்திரை அளவைத் தாமாக மாற்ற வேண்டாம், எங்களைக் கேளுங்கள்.

மூன்றாவதாக, துணி பிழிதல், கனமான பை தூக்குதல் போன்ற இறுகப் பிடிக்கும் வேலைகளைச் சில வாரங்கள் பிறர் ஏற்கட்டும். இரவில் விரலை நேராக வைக்கும் பட்டை சிலருக்கு உதவும். சிக்கிய விரலை வலிந்து இழுக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. விரலடியை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு கீறலின் வழியே வளையத்தைத் திறந்துவிடுவோம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். அதன்பின் நோய் மீள்வது அரிது. எனினும் தழும்பில் வலி, தொற்று, நரம்புக் காயம் ஆகியவை சிலருக்கு நேரலாம். அவற்றையும் முன்னரே விளக்குவோம்.

ஊசிக்குப் பின் விரல் சிவந்து, சூடாகி, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வாருங்கள். மடங்கிய விரல் மற்றக் கையால் தொட்டும் நீளாவிடில் நாள் கடத்த வேண்டாம். நெடுநாள் மடங்கியிருக்கும் மூட்டு இறுகிவிடும்.