கறுத்ததெல்லாம் கரிசல் அல்ல: வடசென்னை மனைக்காரர்களுக்கு மண்ணறியும் வழிகாட்டி

எர்ணாவூரில் மைத்துனர் வாங்கிய மனையில் அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுயரம் இறங்கியதும் கன்னங்கரேலென்று மண் வந்தது. "கரிசலுண்ணே, பில்லர் பெலமா போடணும்" என்றார் மேஸ்திரி. என் மாமனார் விளாத்திகுளத்துக்காரர். ஒரு கை அள்ளி விரலால் நசுக்கினார், மூக்கருகே கொண்டுபோனார். "இது கரிசல் இல்ல மாப்ள. கரிசல்ல எங்க முட்ட நாத்தம் அடிக்கும்?" என்று கையை என்னிடம் நீட்டினார். அழுகிய முட்டையின் வாடைதான். சேற்றுக்குள் நகக்கண் அளவில் வெள்ளைச் சிப்பிகளும் இருந்தன.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. கரிசல் மழைக்கு ஊதி வீட்டைத் தூக்கும், கோடைக்குச் சுருங்கிக் கீழே விடும். கழிமுகத்துக் களியோ பாரம் ஏற ஏற நீரைக் கக்கி, வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். நோய் வேறு, மருந்தும் வேறு. தூத்துக்குடி, விருதுநகர் சீமையிலிருந்து பிழைக்க வந்து ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வேர்விட்ட குடும்பங்கள் ஏராளம். ஊர் மண்ணின் பெயரை இங்குள்ள கறுப்பு மண்ணுக்கும் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: அசல் கரிசலை அறிந்துகொள்ளுங்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை, கமுதி என்று நீளும் மானாவாரிச் சமவெளிதான் தமிழ்நாட்டுக் கரிசலின் தாய்வீடு. சென்னைக்குக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதிதான் அங்கே பெய்யும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவது அந்த மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் வலிமையால்தான். இந்த மண்ணின் பேச்சுக்கென்றே கி. ராஜநாராயணன் ஒரு வழக்குச் சொல்லகராதி தொகுத்தார் என்றால், அது மனிதர்களை எவ்வளவு ஆட்டிப்படைத்திருக்கும் என்று பாருங்கள்.

சித்திரை வைகாசியில் கரிசல் காட்டில் நடந்தால் வெடிப்புக்குள் முழங்கை வரை விடலாம். சில வெடிப்புகள் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். மேல்மண் உதிர்ந்து அவற்றுக்குள் விழுகிறது. முதல் மழைநீர் நேராக அடிக்கு இறங்குகிறது. பிறகு களி ஊதுகிறது, வெடிப்பு மூடிக்கொள்கிறது. உள்ளே விழுந்த மண்ணுக்கு இடம் போதாமல் பக்கவாட்டில் நெருக்கித் தள்ளுகிறது. அந்த நெருக்கத்தில் மண் பாளங்கள் ஒன்றின் மேலொன்று வழுக்கி, உரசிய முகங்கள் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். ஆழமாகத் தோண்டி ஒரு பாளத்தைப் பிட்டுப் பார்த்தால் தெரியும். மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாக இப்படித் தன்னையே புரட்டிக்கொள்வதால்தான், லத்தீனில் 'புரட்டு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வெர்டிசால் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் புல்வெளிகளிலும், சூடானின் கெசிராவிலும், ஆஸ்திரேலியாவின் டார்லிங் டவுன்ஸிலும் இதே இனம்தான்.

இத்தனைக்கும் காரணம் மான்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம். அப்பளக் கட்டுபோல் அடுக்கிய மெல்லிய தகடுகள் அதற்கு. தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்து அகட்டும், காய்ந்தால் வெளியேறும். கறுப்பு நிறத்தை வைத்து மக்கு மிகுந்த மண் என்று நினைக்க வேண்டாம், கரிசலில் கரிமச்சத்து குறைவுதான். 'எரிமலைப் பாறையிலிருந்து வந்தது' என்று பள்ளியில் படித்ததும் தக்காணத்துக்குத்தான் பொருந்தும். கோவில்பட்டிப் பக்கம் எரிமலைக் குழம்பு பரவியதே இல்லை.

இரண்டாம் படி: கொட்டிய மண்ணைத் தாண்டி இறங்குங்கள்

வடசென்னையில் மனையின் மேல் இரண்டு மூன்று அடி பெரும்பாலும் யாரோ கொட்டியது: இடித்த கட்டடத்தின் கழிவு, ஏரிச் சவுடு, சில இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பலை மண் என்று ஏமாறுவது எளிது. மாவுபோல் நைசாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். நனைத்துப் பிசைந்தால் களிபோல் இழுபடாது, காய்ந்தால் ஊதினாலே பறக்கும். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இயற்கை மண் தொடங்கும் இடத்திலிருந்து, அடிக்கு ஒரு பிடி வீதம் தனித்தனிப் பையில் எடுத்து ஆழத்தை எழுதிவையுங்கள்.

ராயபுரம், தண்டையார்பேட்டைக் கடலோரத்தில் மணல்தான் வரும். திருவொற்றியூர் தாண்டி பக்கிங்காம் கால்வாய்க்கும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கும் அருகே போகப்போக, மணலுக்குக் கீழேயோ மணலோடு மாறிமாறியோ கறுப்புக் களி தட்டும்.

மூன்றாம் படி: கையும் மூக்கும்

கொழுக்கட்டை அளவு மண்ணைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாக வெளியே தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீளும் முன்பே அறுந்தால் களி குறைவு. 5 செ.மீ. தாண்டியும் அறுபடாமல் தொங்கினால் களி மிகுந்த மண்.

கரிசலும் கழிமுகக் களியும் இதில் ஒன்றுபோலவே தேறும். வேறுபடுத்துவது மற்ற அடையாளங்கள். முட்டை வாடை, சிப்பி, வெயிலில் காய்ந்தபின் மேலே பூக்கும் வெள்ளை உப்பு ஆகியவை கழிமுகத்தின் முத்திரை. கரிசலில் சிப்பிக்குப் பதில் சுக்கான்கல் உருண்டைகள் இருக்கும். இரண்டின் மேலும் நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கும் என்பதால், நுரையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நான்காம் படி: பாட்டில் சோதனையும் உப்பின் வஞ்சனையும்

கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடங்கும், வண்டல் சில மணி நேரத்தில். 0.002 மி.மீ.க்கும் சிறிய களித்துகள் நாள்கணக்கில் மிதந்து நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

எண்ணூர்ச் சேற்றை இப்படி வைத்தபோது சிறிது நேரத்திலேயே நீர் தெளிந்துவிட்டது. களியே இல்லையோ என்று நானும் மயங்கினேன். உப்புதான் காரணம். உப்புநீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு மளமளவென்று படிந்துவிடும். யோசித்தால் இந்தச் சேறு உண்டான கதையே இதுதான். கொசஸ்தலையாறு சுமந்து வரும் கலங்கல், முகத்துவாரத்தில் கடலுப்பைத் தொட்டதும் திரண்டு அடியில் படிகிறது. பாட்டிலில் நான் பார்த்தது அந்த நெடுங்கதையின் ஒரு பிடி.

தெளிந்த நீரை வடித்துவிட்டு மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றிக் குலுக்குங்கள். மூன்று நான்கு முறை இப்படி உப்பைக் கழுவியபின் சிட்டிகை சலவைத்தூள் போட்டால், ஒளிந்திருந்த களி மிதக்கத் தொடங்கும்.

ஐந்தாம் படி: ஊதுமா என்று பாருங்கள்

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2720இன் 40ஆம் பகுதி சொல்லும் சோதனை இது. உலர்த்திச் சலித்த மண் 10 கிராம் வீதம், இரண்டு அளவுக் குழாய்களில் இடுகிறார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி ஊதாது என்பதால் அதுதான் ஒப்பீட்டு அளவு. 24 மணி நேரம் கழித்து நீரில் 18 மில்லி, எண்ணெயில் 10 மில்லி நின்றால் வீக்கம் 80 சதவீதம். 50 தாண்டினாலே அஸ்திவாரத்தில் எச்சரிக்கை வேண்டும். வீட்டில் செய்து பார்க்கலாம், ஆனால் கட்டடத்துக்கான முடிவை மண் ஆய்வகத்தின் தாளில்தான் வாங்க வேண்டும்.

ஆறாம் படி: பெயர் சூட்டுதல்

மண்ணியலாளர்கள் பின்பற்றும் அமெரிக்க வகைப்பாடு (1975இல் முதல் பதிப்பு) மண்ணை 12 பெருவரிசைகளாகப் பிரிக்கிறது. வெர்டிசால் என்று சொல்ல, மேலடுக்கில் குறைந்தது 30 சதவீதம் களி, காலத்துக்கேற்பத் திறந்து மூடும் வெடிப்பு, உள்ளே அந்த மெழுகு முகங்கள் எல்லாம் வேண்டும். கோவில்பட்டிக் கரிசல் தேறிவிடும், அரைவறட்சிக்கான உஸ்டெர்ட் என்ற உட்பிரிவில் அமரும். எப்போதும் நீரில் ஊறிக்கிடக்கும் கழிமுகக் களிக்குக் காய்ந்து வெடிக்க வாய்ப்பே இல்லை. கடற்கரை மணல்போல அதுவும் அடுக்கு முதிராத இளமண்.

பொறியாளர்களின் ஐ.எஸ். 1498 வேறு கணக்கு. மண் குழம்பாகிற ஈரப்பதமான நீர்ம எல்லை 50 சதவீதம் தாண்டிய களிக்கு சி.எச். என்று முத்திரை. கரிசலுக்கும் அதே சி.எச்., கழிமுகக் களிக்கும் பல நேரம் அதே சி.எச்.! அறிக்கையில் அந்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. பக்கத்துக் கட்டத்தில் 'இயல் ஈரப்பதம்' என்றிருக்கும், அதைப் பாருங்கள். அது நீர்ம எல்லையை நெருங்கினாலோ தாண்டினாலோ, பாரம் தாங்காத குழைகளி. அதைவிட வெகு கீழே, மண் உலர்ந்து கிடந்தால், மழைக்கு ஊதக் காத்திருக்கும் களி. இந்த அளவு சரியாக வர, மண்ணை எடுத்த கையோடு காற்றுப் புகாமல் கட்டி அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

ஏழாம் படி: மேஸ்திரியிடம் பேசுவது

கரிசலென்றால், ஈரம் ஏறி இறங்கும் மேலடுக்கைத் தாண்டி ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழத்தில், அடியில் குமிழ்போல் அகன்ற தூண்கள் ஊன்றுவது வழக்கம். வீட்டைச் சுற்றி நீர் தேங்காமலும் பார்க்க வேண்டும். கழிமுகக் களியென்றால் அதைத் துளைத்துக் கீழே உறுதியான மணலோ பாறையோ தட்டும்வரை பைல் இறக்க வேண்டும். ஆய்வகத்தில் சல்பேட், குளோரைடு அளவையும் கேட்டு வாங்குங்கள், சிமெண்ட் வகையும் கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு மூட வேண்டும் என்பதும் அதைப் பொறுத்தவை.

மைத்துனரின் மனை அறிக்கையில் இயல் ஈரப்பதம் நீர்ம எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பில்லரைக் கைவிட்டு பைல் போட்டார்கள். கான்கிரீட் கலக்கிய அன்று, போர்த் தண்ணீர்க் குழாயை எடுத்த பையனிடமிருந்து மாமனார் அதை வாங்கி ஓரமாக வைத்தார். லாரித் தண்ணீர் வரும்வரை மிக்சர் ஓடவில்லை.