எட்டுப் போட்டால் போதுமா?



செம்பரம்பாக்கத்தில் ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் நடுவே பின்னால் அரிசி மூட்டை, முன்னால் எண்ணெய் டின், கைப்பிடியில் இரண்டு பை என்று நம் கடைப் பையன்கள் மொபெட்டில் போய் வருகிறார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் சில மாதங்கள் திருமழிசையில் நடந்தபோது, விடியற்காலையில் இந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டது பாதுகாப்புப் பயிற்சி. வணிகர்களில் சிலரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. ஏறக்குறைய எல்லோரிடமும் இரு சக்கர வண்டி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன் நம் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்த தவறு

1996-ம் வருடம். தெற்கிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவன் நம் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். கெட்டிக்காரன். முப்பது சரக்கின் அன்றைய விலையைச் சீட்டைப் பார்க்காமல் ஒப்பிப்பான். ஒரு மாதம் கழித்து, "வண்டி ஓட்டுவியாடே?" என்று கேட்டோம். "ஓட்டுவேன் அண்ணாச்சி" என்றான். சாவியைக் கொடுத்தோம். நாம் வைத்த பரீட்சை அவ்வளவுதான்.

ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், இரண்டு சிப்பம் பருப்போடு பூந்தமல்லிக்குப் புறப்பட்டான். முன்னால் போன லாரி நின்றது. இவன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தான். சக்கரம் வழுக்கியது. பின்னால் இருந்த பாரம் வண்டியைத் திருப்பிவிட்டது. தலையில் ஹெல்மெட் இல்லை. கடையிலும் ஹெல்மெட் இல்லை. வாங்கவேண்டும் என்றே நமக்குத் தோன்றியதில்லை.

உயிர் பிழைத்தான். ஆனால் அந்த முப்பது விலைகளும் திரும்பி வரவில்லை. ஊரிலிருந்து வந்த அவன் தாயார் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாத்துத்தான் அண்ணாச்சி வண்டியக் குடுத்தீயளா?" அதற்கு அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

துப்பாக்கியும் மோட்டார் சைக்கிளும்

ராயல் என்ஃபீல்டு புல்லட்டை அறியாதவர் இல்லை. 'என்ஃபீல்டு' என்பது இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர். ரெட்டிச்சில் இருந்த ஒரு கம்பெனி அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்ததால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1901-ல் அதே கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்தது. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பதுதான் அதன் விளம்பர வாசகம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டது. பிறகு திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. இன்று நமக்குப் பக்கத்து ஒரகடத்திலும் தயாராகிறது.

விளம்பரத்துக்காகச் சொன்ன வாசகத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. இரண்டுமே நல்ல இயந்திரங்கள். இரண்டும் பிடித்திருப்பவன் சொன்னபடி கேட்கும். தவறாகச் சொன்னாலும் கேட்கும்.

ஆனால் சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. 2016-ம் வருட ஆயுத விதிகளின் 10-வது விதி, துப்பாக்கி உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெறவேண்டும் என்கிறது. அந்தப் பயிற்சியில் ஐந்து பாடங்கள்: பத்திரமாக வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும், சுடும் முறை, பராமரிப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு, சட்டம். மோட்டார் சைக்கிளுக்கு என்ன கேட்கிறார்கள்? ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டவேண்டும். காலி வண்டியில், காலி மைதானத்தில் போட்ட எட்டு, மூட்டையோடு நெடுஞ்சாலையில் கை கொடுக்குமா?

எனவே துப்பாக்கிக்குச் சட்டம் விதித்த ஐந்து பாடங்களையும் வண்டிக்கு நாமே விதித்துக்கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பாடம்: வைக்கும் இடம்

துப்பாக்கியில் தோட்டாவை வைத்தபடி பீரோவில் வைக்கக்கூடாது. தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி வைக்கவேண்டும். சாவி உரிமம் உள்ளவரிடம் இருக்கவேண்டும். உரிமத்தில் பெயர் இல்லாத காவலாளியின் தோளில் மாட்டி வாசலில் நிறுத்துவது குற்றம்.

வண்டிச் சாவியை நாம் எங்கே வைக்கிறோம்? கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 1996-க்குப் பிறகு நம் கிடங்கில் சாவி கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. யார், எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு எடுத்துப் போகிறார் என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். உரிமம் இல்லாதவர் பெயர் அந்த நோட்டில் ஏறாது.

இரண்டாம் பாடம்: கையாளும் முறை

துப்பாக்கிப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது சுடுவதை அல்ல. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினைக்கவேண்டும். குழலை மனிதர் பக்கம் திருப்பக்கூடாது. சுடும் நேரம் வரும்வரை விரல் விசையில் படக்கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. இந்த நான்கும் பழக்கமான பிறகுதான் மற்றவை.

நான்காவது விதி எவ்வளவு பெரியது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பார்த்தோம். 2021 டிசம்பர் 30-ம் தேதி நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்தபோது, தூரத்தில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து, 2022 ஜனவரி 3-ம் தேதி அந்தக் குழந்தை இறந்துபோனது. அது பயிற்சி பெற்ற படையினருக்கான இடம். அங்கேயே இப்படி என்றால், பயிற்சி பெறாத கை எவ்வளவு அஞ்சவேண்டும்!

வண்டிக்கு வருவோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதன்பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கில் இன்னும் சுமார் 10 மீட்டர். ஆக 21 மீட்டர். வேகம் 60 ஆனால் இது சுமார் 40 மீட்டர் ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்கு, தூரமோ இரண்டு மடங்கு. மழை பெய்தால் இன்னும் கூடும். லாரிக்குப் பத்தடி பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் பையனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்கு முற்றத்தில் பயிற்சி கொடுக்கிறோம். மூன்று வாரம். முதல் வாரம் காலி வண்டி: இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி நிறுத்துவது. வண்டியை நிறுத்தும் பலம் முன் பிரேக்கில்தான் அதிகம். விழுந்துவிடுவோம் என்று பயந்து அதைத் தொடாதவர்களும், அதை மட்டும் ஒரேயடியாகப் பிடிப்பவர்களும் ஒன்றாகவே விழுகிறார்கள். இரண்டாம் வாரம் மூட்டையோடு: பின்னால் பாரம் ஏற ஏற முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் பேச்சுக் கேட்காது. அதை முற்றத்திலேயே உணரவேண்டும். மூன்றாம் வாரம் தரையில் தண்ணீர் தெளித்து ஓட்டவைப்பது. முடிந்ததும் அனுபவமுள்ள ஒருவர் உடன் வர, சாலையில் ஒரு நடை. லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நாம் தெரியவில்லை என்று பொருள். இதை அங்கேதான் காட்டித்தர முடியும்.

மூன்றாம் பாடம்: பராமரிப்பு

நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் பல வருடம் முன்பு தம் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தார். காலியாக இருக்கிறது என்று நினைவு. குழலைத் திறந்து பார்க்கவில்லை. வெடித்தது. சுவர்க் காரை பெயர்ந்ததோடு போயிற்று. பேரன் அப்போதுதான் அந்த அறையை விட்டுப் போயிருந்தான். துடைக்குமுன் திறந்து பார்ப்பது அரை நிமிட வேலை.

வண்டிக்கும் காலையில் இரண்டு நிமிடம் போதும். டயரில் காற்று, பிரேக், செயின், முன்விளக்கு, பின்விளக்கு. கல்லாப் பெட்டியைத் திறந்து சில்லறை எண்ணிப் பார்க்காமல் நாம் வியாபாரம் தொடங்குவதில்லையே!

நான்காம் பாடம்: குழந்தைகள்

துப்பாக்கி குழந்தையின் கண்ணிலேயே படக்கூடாது. 'அது உயரத்தில் இருக்கிறது' என்பது பாதுகாப்பு ஆகாது. நாற்காலி போட்டு ஏறாத குழந்தை உண்டா?

வண்டி விஷயத்தில் நாம் பெரும்பாலும் ஏமாந்துபோவது மொபெட்டில். 'கியர் இல்லாத வண்டிதானே, 16 வயதுப் பையன் ஓட்டலாம்' என்று நினைக்கிறோம். 16 வயதில் ஓட்ட சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே. இன்று கடைகளில் ஓடும் எக்ஸ்எல் 100 அந்தக் கணக்கில் வராது. அதற்கு 18 வயது நிரம்பவேண்டும். 2019-ம் வருடத் திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனை, 'இந்தச் சரக்கைக் கொடுத்துட்டு வாடா' என்று அனுப்பும் தகப்பனார்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

ஐந்தாம் பாடம்: சட்டமும் கணக்கும்

துப்பாக்கி உரிமம் உள்ளவர்களுக்கு 2019-ல் வந்த மாற்றங்கள்: ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. உரிமக் காலம் 3 வருடத்திலிருந்து 5 வருடம் ஆயிற்று. கல்யாணம், திருவிழாவில் ஜம்பத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வண்டிக்கு: உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் முடியாது. ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த பணத்தை நம்மிடமே திரும்ப வசூலிக்க வழி உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. பாலிசியில் கட்டாயமாகச் சேர்க்கப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போதுதான். நம் பையன் ஓட்டும்போது அவனுக்கு அது இல்லை. அவனுக்குத் தனியாக எடுக்கவேண்டும். பாலிசியை எடுத்து இன்றே பாருங்கள்.

பயிற்சி மட்டும் போதுமா?

நேர்மையாகச் சொல்லவேண்டும். போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு, மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய ஆய்வுகளை 2010-ல் அலசியது. பயிற்சியால் விபத்து குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல நம்பத்தகுந்த சான்று போதவில்லை என்றது. அதே அமைப்பு ஹெல்மெட் பற்றித் தயங்காமல் சொன்னது: விபத்தில் சாவு 42 சதவிகிதமும், தலைக்காயம் 69 சதவிகிதமும் குறைகிறது.

இதிலிருந்து நாம் கற்றது: மூன்று வாரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, நாலாவது வாரம் 'சீக்கிரம் போடா, கஸ்டமர் காத்திருக்கார்' என்று விரட்டினால் பயிற்சி பாழ். கற்றது பழக்கமாக நிற்பதும் நிற்காமல் போவதும் முதலாளியின் வாயில் இருக்கிறது. நம் கிடங்கில் 'சீக்கிரம்' என்ற சொல்லை வண்டி எடுப்பவரிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் சாவியோடு சேர்த்தே கொடுக்கப்படும். பட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் கேட் திறக்கும். பின்னால் உட்காருபவருக்கும் அதே விதி.

2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. தமிழ்நாட்டில் அந்த வருடம் சாலையில் இறந்தவர்கள் 17,884. இதில் எத்தனை பேர் கடைச் சரக்கோடு போனார்கள் என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை. நாம்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

பாடத்தை முடிக்குமுன் சில கேள்விகள்

1. உங்கள் கடையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? அத்தனை பேரின் உரிமத்தையும் நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?
2. அவர்களில் ஒருவராவது மூட்டையோடு பிரேக் பிடித்து நிறுத்துவதை நின்று பார்த்தீர்களா?
3. கடையில் வண்டிக்கு ஒரு ஹெல்மெட்டாவது இருக்கிறதா?
4. துப்பாக்கி இருந்தால், தோட்டா இப்போது எங்கே இருக்கிறது? சாவி யாரிடம்?

ஒவ்வொரு தைக்கும் நாம் தெற்கே போகும்போது அந்தப் பையனின் ஊருக்குப் போய்வருகிறோம். இப்போது அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நாம் வைத்துக் கொடுத்த பெட்டிக்கடையில் தாயாரோடு உட்கார்ந்திருக்கிறான். நம்மை அடையாளம் தெரியும். "அண்ணாச்சி" என்று எழுந்து நிற்பான். தீப்பெட்டி என்ன விலை என்று கேட்டால் மட்டும் தாயாரின் முகத்தைப் பார்ப்பான்.

நாளைக் காலையில் கடை திறந்ததும் சாவியை ஆணியிலிருந்து எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வருகிறவரிடம், "ஓட்டுவியா?" என்று கேட்காதீர்கள். "ஓட்டிக் காட்டு" என்று சொல்லுங்கள்.