கனியங்களும் பயன்களும்: மினுக்கமற்ற சுவர் ஓடுகள்

லக்கல அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்தில் பெல்ஸ்பார், தொலமைற்று ஆகிய கனியங்கள் உள்ளன. ஓவல, கைகாவல பகுதி பெல்ஸ்பாருக்குப் பெயர்பெற்றது. இவை இரண்டும் ஓடுகளின் கண்ணாடிப் பூச்சில் பயன்படக்கூடியவை.

பூச்சின் பிரதான கூறு சிலிக்கா. இது தனியே ஏறத்தாழ 1710 °C இல் உருகும். பெல்ஸ்பாரிலுள்ள பொற்றாசியம், சேர்க்கப்படும் போரன் சேர்வைகள் என்பன கலவை 1100 °C அளவில் உருக உதவுகின்றன. அலுமினியம் ஒட்சைட்டு, உருகிய பூச்சு வழிந்தோடாது தடுக்கும்.

மினுக்கம் குறைவது எவ்வாறு?
தொலமைற்று கல்சியம், மகனீசியம் ஒட்சைட்டுகளை வழங்கும். இவை மிகையாக உள்ள பூச்சு மெதுவாகக் குளிரும்போது நுண்ணிய பளிங்குகள் தோன்றும். அதனால் மேற்பரப்பில் ஒழுங்கற்ற தெறிப்பு நிகழும். ஓடு கண்ணைக் கூசச் செய்யாது.

கவனிக்க: போதியளவு உருகாத பூச்சும் மங்கலாகவே தோன்றும். ஆனால் அது நுண்டுளைகள் உடையது. சமையலறைச் சுவரில் எண்ணெயும் அழுக்கும் அதில் ஊறிவிடும்.

சோதனை: ஓட்டின் மீது ஒரு துளி மையிட்டுச் சில நிமிடங்களின் பின் ஈரத்துணியால் துடைக்கவும். கறை நீங்காவிடின், பூச்சு சரிவர உருகவில்லை எனச் சந்தேகிக்கலாம்.

மாதிரி வினா: கல்சியம் மிகுந்த ஒரே பூச்சிடப்பட்ட இரு ஓடுகளுள் ஒன்று விரைவாகவும் மற்றையது மெதுவாகவும் குளிர்விக்கப்பட்டன. எது கூடுதலாக மங்கலாகும்? காரணம் தருக.

விடை: மெதுவாகக் குளிர்ந்தது. பளிங்குகள் வளரப் போதிய நேரம் கிடைத்தமையே காரணம். “நன்றாகச் சுடப்படவில்லை” என எழுதின் புள்ளி கிடைக்காது.