"வயித்த வலிக்குது டீச்சர்"

சேர்வராயன் மலைக்குப் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள், பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது எப்படி என்று என்னிடம் கேட்பதுண்டு. வாழவந்திப் பக்கத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இத்தனை காலம் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு இங்கே ஒரு பிள்ளையும் வராது. "வயித்த வலிக்குது டீச்சர்" என்றுதான் வரும். அந்த வயிற்றுவலியை நம்புங்கள். நடிக்கிறாய் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், நிஜமாகவே ஏதாவது நடந்த அன்றும் அந்தப் பிள்ளை உங்களிடம் வராது.

முதலில் நான் பார்ப்பது பசியைத்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. சிறு பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறார்கள். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுகிற வீட்டில், ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளை மறுபடியும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு நடக்கிறது. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்லும். பசியைச் சொல்லிக்கொள்ள வெட்கம். "காலைல என்ன சாப்பிட்ட, கண்ணு?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் விஷயம் தெரிந்துவிடும். சத்துணவும் பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன் பிள்ளைக்கு மதியமும் கிடையாது. எங்கள் அறையில் பொட்டுக்கடலையும் வெல்லமும் ஒரு டப்பாவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பெயர் எழுதி வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

அடுத்தது வருகைப் பதிவேடு. அதை நாள்வாரியாகப் பார்ப்பதைவிடப் பிள்ளைவாரியாகப் பாருங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது வராத பிள்ளை பெரும்பாலும் பறிக்கப் போயிருக்கும், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும். மாதந்தோறும் சில நாள் வராத பெண் பிள்ளைக்குக் காரணம் வேறு. விலையில்லா நாப்கின் கொடுக்கும் 'புதுயுகம்' திட்டம் 2011 முதல் இருக்கிறது. ஆனால் கழிவறையில் தண்ணீரும், போடுவதற்கு மூடியுள்ள தொட்டியும் இல்லையென்றால் அவள் வர மாட்டாள். நாப்கினை ஆண் ஆசிரியரின் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். சத்துணவு அக்காவிடம் கொடுத்துவையுங்கள். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அவரிடம்தான். பள்ளியின் நலக்குழு என்று ஒன்று கூடும்போதெல்லாம் நான் அவரையும் உட்கார வைக்கச் சொல்வேன்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால், வீட்டில் மாப்பிள்ளை பேச்சு நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் குற்றம் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் சட்டத்தை முதலில் எடுத்தால் பேச்சே முறிந்துவிடும். அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது அந்தத் தாய் சொன்னது இது: "படிச்சா மட்டும் என்னங்க டீச்சர், பஸ்ஸு காசுக்கே வழியில்ல." நான் 'புதுமைப் பெண்' திட்டத்தைச் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். 2022-இல் வந்த திட்டம். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அவ பேர்லயேவாங்க வரும்?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் பேச்சு நகர்ந்தது. நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ உடனே கூப்பிட வேண்டும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இன்னொன்று. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால், சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் தொந்தரவு என்றால் அதைத் தெரிவிக்க வேண்டியது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி நம் கடமை. மறைத்தால் நமக்கும் தண்டனை உண்டு. சத்தியம் செய்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை மறுபடி பெரியவர்கள் யாரையும் நம்பாது. "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது என் பதில். அதைக் கேட்டபின் பிள்ளை சற்று நேரம் பேசாமல் இருக்கும். காத்திருங்கள். தோண்டித் துருவிக் கேட்காதீர்கள், தலைமையாசிரியர் முன்னால் ஒருமுறை, சக ஆசிரியர் முன்னால் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதித் தேதி போட்டு வையுங்கள். நாகரிகமாக மாற்றி எழுத வேண்டாம். புகார் போடுவதற்கு 'மாணவர் மனசு' பெட்டி பள்ளிகளில் இருக்கிறது. அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் யார் போடுவார்கள்? தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில் மாட்டுங்கள்.

தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதுவது நல்லது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417; டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இரண்டும் குழம்பும், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதாமல் வேறு வேறு சுவரில், எதற்கு என்ற விவரத்தோடு எழுதுங்கள். அதோடு, நம் மலையில் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் காட்டிக்கொடுங்கள். கைப்பேசி இல்லாத பிள்ளைக்கு உங்களுடையதைக் கொடுத்துவிட்டு, காதில் விழாத தூரத்தில் போய் நில்லுங்கள்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்றது. சிறிய நிறுவனங்கள் வெளியே உள்ள மனநல வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. மலைப் பள்ளிகள் பலவற்றுக்கு இந்த இரண்டாவது வழிதான் கைக்கெட்டும். தேவை வந்தபின் தேடாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எந்தக் கிழமை, எந்த அறை என்று முன்பே போய்ப் பார்த்து வையுங்கள். ஒரு தாய்க்கு அங்கே போவது ஒரு நாள் கூலி, மலை இறங்கி ஏறும் பேருந்து, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம் எல்லாம் சேர்ந்தது. "தூக்கம் வரல, அதுக்கு டாக்டரைப் பாக்கலாம்" என்று உள்ளதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். முதல் தடவை ஒரு ஆசிரியை கூடவே போக வேண்டும்.

சமவெளியிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலைப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு வகுப்பில் சிரிக்காதீர்கள். வருடம் முழுக்க அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது.

தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளியைத் திறந்து வைத்திருங்கள். பிள்ளை தனியாக எங்கோ சிக்னல் தேடி மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. தோல்வி பயமுள்ள பிள்ளைகளின் பட்டியல் முந்தின நாளே உங்கள் கையில் இருக்கட்டும். மதியத்துக்குள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போகட்டும். 104 உதவி எண்ணில் அன்று ஆலோசனை கிடைக்கும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள். அழுது முடித்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முன் என்றைக்கு வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி, அந்தத் தேதியை அதன் நோட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.