காட்டைப் பார்க்கும் கண்ணால் மரவள்ளியைப் பாருங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலைக்காடு ஒரே பச்சையாகத் தெரியும். மேலே பறந்து பார்த்தால்தான் மரங்கள் எங்கே அடர்ந்துள்ளன, எங்கே இடைவெளி விழுந்துள்ளது என்பது விளங்கும். விமானத்திலிருந்து படமெடுத்துக் காடுகளை ஆராயும் முறைக்கு இதுவே அடிப்படை.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் உண்டு. நலமான இலை இதை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலை குறைவாக அனுப்பும். இக்கதிரைப் பதியும் வண்ணப் படச்சுருளில் நலமான மரம் சிவப்பாக விழும்; நோயுற்ற மரம் நிறம் மங்கித் தெரியும். 1970-ல் விஞ்ஞானி பி.ஆர். பிஷாரடி தலைமையில், கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து இவ்வாறு படமெடுத்து, வேர் வாடல் நோயை ஆராய்ந்தனர். நம் நாட்டில் இத்துறைக்கு இது முன்னோடி.

கனடா, பின்லாந்து போன்ற குளிர்நாடுகளின் ஊசியிலைக் காடுகளையும் இப்படி ஆராய்கின்றனர். மரம் அழிந்த இடம் பெரும் பரப்பாகத் தொடர்ந்தால் தீயோ பூச்சியோ காரணமாகலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு இடைவெளி இருந்தால், முதிர்ந்த மரங்கள் தாமே சாய்ந்திருக்கலாம். சேதம் எவ்வளவு என்பதோடு, அது எப்படிப் பரவியுள்ளது என்பதும் காரணத்தைக் காட்டும்.

இப்பாடம் நம் மரவள்ளிக்கும் பொருந்தும். இதற்கு விமானம் தேவையில்லை. வரப்பைச் சுற்றி வந்தாலே போதும். தேமல் கண்ட செடிகள் வயலெங்கும் சிதறி, முளைத்த முதல் இலைகளிலேயே மஞ்சள் திட்டும் சுருக்கமும் இருந்தால், நோய் விதைக்குச்சியோடு வந்தது என்று கொள்ளலாம். அடி இலைகள் நன்றாயிருந்து நுனி இலைகளில் மட்டும் தேமல் தோன்றினால், அதுவும் வயலின் ஓரத்தில் கூட்டமாக இருந்தால், வெள்ளை ஈ பரப்பியிருக்கும்.

முதல் வகையில் நோயுற்ற செடிகளை இளம் பருவத்திலேயே பிடுங்கி அழித்துவிட வேண்டும். இரண்டாம் வகையில் இதோடு வெள்ளை ஈயையும் கட்டுப்படுத்த வேண்டும்.

அறுவடையின்போது இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வெறும் குச்சியைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, இலை செழித்திருக்கும்போதே தேமல் இல்லாத செடிகளுக்குத் துணிக்கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றிலிருந்து மட்டுமே குச்சி எடுங்கள். அடுத்த ஆண்டுக் கிழங்கு விளைச்சல் இந்தக் குச்சியில்தான் இருக்கிறது.