ஆணையும் மனச்சான்றும்: கடற்படைத் தலைவர் சோமர்வில்

படைவீரனுக்கு அழகு ஆணைக்கு அடங்குதல் என்பர். அவ்வாணை தன் மனச்சான்றுக்கு மாறாக அமையுமாயின் அவன் யாது செய்வான்? இரு உலகப் போர்களிலும் பணியாற்றிய பிரித்தானியக் கடற்படைத் தலைவர் சர் ஜேம்ஸ் சோமர்விலின் வாழ்வில் இவ்வினா எழுந்தது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1882இல் பிறந்த சோமர்வில், 1897இல் கடற்படையிற் சேர்ந்தார். அக்காலத்தில் புதுமையாய் விளங்கிய கம்பியில்லாத் தந்தித் துறையில் வல்லவரானார். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டின் தார்தனல்ஸ் போர்முனையில் அவர் ஆற்றிய பணி விருது பெற்றது. 1939இல் காசநோய் காரணமாகக் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. எனினும் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் மீண்டும் அழைக்கப்பெற்றார்.

1940 சூன் 22ஆம் நாள் பிரான்சு, செருமனியுடன் போர்நிறுத்த உடன்பாடு செய்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் பகைவர் கைப்படலாகாது எனப் பிரித்தானிய அரசு கருதியது. அல்சீரிய நாட்டு மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் இணங்காவிடின் தாக்குக என்னும் ஆணை சோமர்விலுக்கு வந்தது. நேற்றுவரை தோள் கொடுத்த நண்பர் மீது பீரங்கியைத் திருப்புவதா? வலிமையைப் பயன்படுத்துதல் தகாது என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் இசையவில்லை. சூலை 3ஆம் நாள் மாலை, பேச்சு முறிந்தபின் கப்பல்கள் குண்டு பொழிந்தன. பிரெஞ்சு மாலுமியர் 1,297 பேர் மாண்டனர். அச்செயலைப் பெரும் அரசியற் பிழையெனத் தம் மனைவிக்கு எழுதிய மடலில் அவர் வருந்தியுள்ளார். 1942 நவம்பர் 27இல் செருமானியர் தூலோன் துறைமுகத்தைக் கைப்பற்ற முனைந்தபோது, பிரெஞ்சு மாலுமியர் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்து வாக்கைக் காத்தனர் என்பது எண்ணத்தக்கது.

1942 மார்ச்சுத் திங்களில் கீழைக் கடற்படையின் தலைமையை ஏற்று அவர் இலங்கைக்கு வந்தார். அவரிடம் இருந்த ஐந்து பெரும் போர்க்கப்பல்களும் முதல் உலகப் போர்க்காலத்தன. நான்கு மிகவும் மெதுவாகச் செல்வன. சப்பானியரிடமோ வானூர்தி தாங்கிக் கப்பல்கள் ஐந்து இருந்தன. பகைவர் வரவை எதிர்நோக்கிக் காத்திருந்த அவர், இனி வாரார் எனக் கருதி மாலத்தீவின் அட்டுத் தீவுக்கூட்டத்துக்கு எரிபொருள் நிரப்பச் சென்றார். அக்கணிப்பு பிழைத்தது. ஏப்பிரல் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் தாக்குண்டன. டார்செட்சயர், கார்ன்வால், எர்மிஸ் ஆகிய கப்பல்கள் கடலில் மூழ்கின. எனினும் எஞ்சிய பெரும்படையை வீண்போருக்கு இரையாக்காமல், மெதுவாகச் செல்லும் கப்பல்களை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார். வள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருள் இங்குப் புலனாகின்றது. காத்த அப்படையே பின்னர் வலுப்பெற்று, 1944இல் சுமத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியது.

1945இல் கடற்படையின் மிக உயர்ந்த பதவிநிலையை எய்திய சோமர்வில் 1949இல் மறைந்தார்.

மறுப்பை உரிய காலத்தில் உரியவரிடம் உரைத்தார். உரைத்தும் ஆணையை நிறைவேற்றினார். அதனால் 1,297 உயிர்களின் சுமை ஆணையிட்டோரை மட்டுமன்றி அவரையும் சேர்ந்தது. வாய் திறந்து மறுத்தல் ஒருவனது கடமையைத் தொடங்கி வைக்குமேயன்றி, அவன் கைகளைத் தூய்மையாக்கி விடாது. நாளை பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவர்கள் இவ்வுண்மையை உளங்கொள்ள வேண்டும் என்பதே நம் விழைவு.