அரக்கு நிறம் காட்டாத விளக்கு

ஆரணியில் முதலாளி வீட்டுத் திண்ணையில் சேலையை விரித்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அரக்கு உடல். முந்தானை முடிந்து ஒன்றரை கஜம் தள்ளி, ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை. அதுவும் அரக்குதான், ஆனால் ஒரு சாயல் கருத்த அரக்கு. காலை வெயிலில் பளிச்சென்று தனியாக நின்றது. ஊடைப் பட்டு வெவ்வேறு முறை சாயம் போட்ட இரண்டு கட்டுகளில் இருந்து வந்திருந்தது. தார் சுற்றியவள் நான். இரண்டையும் கலந்து சுற்றியிருக்கிறேன். பதினைந்து நாள் உழைப்பு, கூலியில் பிடித்தம். வந்தவாசியில் பஸ் மாறி தெள்ளார் வந்து இறங்குகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த கண்டுகள் இரண்டையும் தறி மேல் எரிந்த விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம்! வாசலுக்கு எடுத்துப் போனேன். வேறு வேறு நிறம். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், கரண்ட் மிச்சமாகும் என்று பழைய குழல்விளக்கைக் கழற்றிவிட்டு, சந்தையில் விலை குறைந்ததாகப் பார்த்து எல்.இ.டி. பட்டி ஒன்று வாங்கி மாட்டியிருந்தோம். வெளிச்சம் முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது. வெளிச்சம் இருந்தால் நிறம் தெரியும் என்று நினைத்தது எங்கள் தவறு.

அதன் பிறகு நான்கைந்து வருஷத்தில் வீட்டின் விளக்கு, விசிறி, சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். கேட்டுக் கேட்டு, சில இடத்தில் காசைத் தொலைத்துக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். தறி உள்ள வீட்டுக்கு முக்கியமாக. தறி இல்லாத வீட்டுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் அந்த நிறக் கணக்கு. வெள்ளை எல்.இ.டி.க்கு உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் மஞ்சள் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பூச்சில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பை நூல் எங்கிருந்து திருப்பிக் காட்டும்? அரக்கு, மாதுளை, வாடாமல்லி எல்லாம் ஒன்றுபோல மங்கிப்போகும். வெயிலில் எல்லா நிறமும் இருப்பதால் வித்தியாசம் உடனே வெளியே வந்துவிடுகிறது.

இதை அளக்க ஓர் எண் உண்டு. சி.ஆர்.ஐ. என்று அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு மார்க். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 80. தறிக்கும் தார் சுற்றும் இடத்துக்கும் 90க்கு மேல் கேட்டு வாங்குங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த மார்க் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் சேராது. அதற்குத் தனியாக ஆர்-9 என்று ஓர் எண். பட்டு நெய்கிற நமக்கு அதுதான் உயிர். பெட்டியில் பெரும்பாலும் போட மாட்டார்கள். நல்ல கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும். கடைக்காரரிடம் கேளுங்கள், தெரியாது என்றால் இன்னொரு கடைக்குப் போங்கள். நான் மூன்று கடை ஏறி இறங்கினேன்.

எண்ணெல்லாம் வேண்டாம் என்றால் என் வழி இது. இரண்டு அரக்குக் கண்டு, ஒரு மாம்பழ நிறம், ஒரு மயில் கழுத்துத் துண்டு, இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவேன். விளக்கை எரியவிட்டு அதன் கீழே பார்ப்பேன், பிறகு கடை வாசலுக்கு வந்து பார்ப்பேன். உள்ளங்கையையும் நீட்டிப் பாருங்கள். தோல் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் அந்த விளக்கு தறிக்கு ஆகாது.

பலர் இதை விளக்கின் வெள்ளை, மஞ்சள் சாயலோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. அதைக் கெல்வினில் சொல்வார்கள். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 பகல் வெள்ளை. 6500 வாங்கியதால்தான் நிறம் கெட்டது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அப்படி இல்லை. துணி ஆலைகளில் நிறம் ஒப்பிடுகிற பெட்டியிலேயே 6500 கெல்வின் பகல் ஒளியைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள். சாயல் எதுவானாலும் சி.ஆர்.ஐ. நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜரிகை வேலை ராத்திரி வரை நீளும் என்பதால் நாங்கள் 4000 எடுத்தோம், கண்ணுக்குக் கூசாமல் இருக்கிறது. நிறம் சேர்க்கிற வேலையை மட்டும் இன்றைக்கும் பகலில்தான் செய்கிறேன்.

விளக்கை எங்கே மாட்டுவது என்பதும் பாதி வேலை. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி வழக்கம்போல அறையின் நடுவில், நெய்கிறவர் முதுகுக்குப் பின்னால் மாட்டினான். தறியில் உட்கார்ந்து குனிந்தால் அவர் தலை நிழல் சரியாக அச்சுக்கு முன்னால், ஊடை விழுகிற இடத்தில் விழுந்தது. இழை அறுந்தால் கண்ணில் படாது. அப்புறம் 20 வாட் பட்டி இரண்டை, தறியின் இரண்டு பக்கமும் பாவின் நீளவாக்கில், கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டினோம். ஒன்றின் நிழலை மற்றொன்று அழிக்கிறது. ஜரிகையின் பளபளப்பு நேராகக் கண்ணில் அடிப்பதும் நின்றது.

இன்னொன்று, துடிப்பு. மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓடுகிற நாடாவை நாள் முழுக்கப் பார்க்கிறவருக்குச் சாயங்காலம் தலைவலி வரும். செல்போன் கேமராவைத் திறந்து விளக்கின் அருகே பிடித்துப் பாருங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரண்டே வேண்டாத விளக்கு ஒன்றும் உண்டு. ஓட்டு வீட்டுக்காரர்கள் தறிக்கு நேர் மேலே இரண்டு கண்ணாடி ஓடு போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாமனார் காலத்தில் போட்டது எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. காலை எட்டு மணி முதல் மூன்று மணி வரை விளக்குப் போடுவதில்லை. சித்திரை வைகாசியில் நேர் வெயில் பாவின் மேல் விழாமல் கீழே ஒரு வெள்ளைத் துணி கட்டிவிடுவோம், சாயம் வெளுக்காது.

வாட் பற்றி ஒரு வார்த்தை. வாட் என்பது தின்கிற கரண்ட், வெளிச்சம் இல்லை. வெளிச்சத்தின் அளவு லூமென். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. 2015இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு அந்த 9 வாட் பல்பு விலை மளமளவென்று இறங்கியது. திண்ணை, குளியலறை, மாட்டுக் கொட்டகைக்கு எல்லாம் அது போதும், அங்கே போய் சி.ஆர்.ஐ. தேட வேண்டாம். பழைய 40 வாட் குழல்விளக்கு வைத்திருப்பவர்கள் அதன் சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட் தின்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பம்பு செட்டுகள் ஓடுகிற நேரத்தில் நம் பக்கம் வோல்டேஜ் இறங்கும், நின்றால் எகிறும். ஆகவே பெட்டியில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பில்லை வாங்கி, விளக்கு மாட்டிய தேதியை அதில் எழுதி வையுங்கள். இரண்டு வருஷ வாரண்டி பில் இல்லாமல் செல்லாது.

உண்மையில் அதிகம் மிச்சம் பிடிப்பது விசிறியில்தான். பழைய விசிறி 75 வாட் தின்னும். பி.எல்.டி.சி. என்கிற புது மோட்டார் விசிறி 30 வாட் அளவில் ஓடும். தினம் 16 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்குப் பழையது 72 யூனிட், புதியது 29 யூனிட் கூட இல்லை. ஒரு விசிறிக்கே 43 யூனிட் மிச்சம். வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் குறையாமல் சுற்றுவது நம் ஊருக்குப் பெரிய வரம். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். நட்சத்திரத்தோடு நிற்காமல் காற்றின் அளவையும் பாருங்கள். 1200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையாமல் தர வேண்டும். மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கட்டாயம் கழற்றிவிடச் சொல்லுங்கள். எங்கள் முதல் விசிறியில் அதை விட்டுவிட்டார்கள், மூன்றே மாதத்தில் உள்ளே இருந்த தகடு எரிந்துபோனது.

தறிக்கு நேர் மேலே விசிறி போடாதீர்கள். காற்று பட்டுப் பட்டு பாவு காய்ந்து இழை அறுந்துபோகும். குழித்தறியைப் பள்ளத்தில் வைத்ததே மண்ணின் ஈரம் நூலைப் பதமாக வைத்திருக்கும் என்றுதான். நெய்கிறவரின் முதுகுப் பக்கம், தறியை விட்டு விலகி, காற்று அவர் மேல் மட்டும் படுகிற மாதிரி மாட்டினோம்.

"கைத்தறிக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே, நீ எதுக்குக்கா யூனிட் யூனிட்டா எண்ற?" என்று என் தங்கை கேட்டாள். 2023இல் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்தது 300 ஆனது உண்மை. ஆனால் தறி, மிக்சி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், மகளின் படிப்பறை எல்லாம் சேர்ந்தால் அதைத் தாண்டுவது எளிது. தறி இல்லாத வீட்டுக்கு இலவசம் 100 யூனிட்தான். அங்கே 500 யூனிட் என்கிற கோட்டைக் கவனியுங்கள். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். என் தங்கை வீட்டில் கோடையில் 520, 530 என்று வரும். இரண்டு விசிறியை மாற்றச் சொன்னேன், அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

இன்வெர்ட்டர் எங்களுக்கு 2012இல் வந்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. முதலில் விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர் வாங்கினோம், விசிறி உறுமிக்கொண்டே கிடந்தது. சைன் அலை என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். 150 ஆம்பியர் மணி பேட்டரியில் நமக்குக் கையில் கிடைப்பது உத்தேசமாக 1200 வாட் மணி. பழைய இரண்டு விசிறி, இரண்டு குழல்விளக்குக்கு அது ஐந்து மணி நேரம்கூட வராது. புது விசிறி, புது விளக்குக்குப் பன்னிரண்டு மணி நேரம் வருகிறது. பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால் விசிறியை மாற்றுங்கள்.

பிரிட்ஜுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். நட்சத்திரத்தோடு முத்திரையில் உள்ள வருஷத்தையும் பாருங்கள். அளவுகோலைச் சில வருஷத்துக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் புதுக் கணக்கில் மூன்றாகவோ நான்காகவோ இருக்கும். வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று அதிலேயே அச்சடித்திருக்கும், அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

இனி சொல்லப்போவது மிச்சக் கணக்கு இல்லை, ஆனால் இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஜக்கார்டு பெட்டியைத் தூக்க மோட்டார் வைத்த பிறகு ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் ஈரக் குழியில் காலை வைத்தபடி தறியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தார். ஒயர் எலி கடித்துச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. எம்.சி.பி. இருக்கிறதே, ஏன் விழவில்லை என்று நான் கத்தினேன். அது ஒயர் எரியாமல் காப்பது, ஆளைக் காப்பது இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது நம் உடம்பு வழியாகக் கரண்ட் மண்ணுக்கு இறங்கினால், கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டே வாங்குங்கள். 100, 300 என்றும் கிடைக்கும், அவை ஆளைக் காப்பாற்றாது. விலை சுமார் இரண்டாயிரம் ரூபாய்.

மாட்டிய மறுநாளே அது அடிக்கடி விழுந்தது. "இது நொச்சுக்கா, நேரா குடுத்துடறேன்" என்றான் எலக்ட்ரீஷியன் தம்பி. நான் விடவில்லை. தேடிப் பார்த்ததில், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் ஓர் இடத்தில் சேர்ந்திருந்தன. அதைப் பிரித்ததும் நின்றது. ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று பொருள். தேடச் சொல்லுங்கள், கழற்ற விடாதீர்கள். எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

அதன் முகத்தில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். அமாவாசை அன்று எங்களுக்குத் தறி லீவு. தறியைத் துடைத்து, விளக்குப் பட்டியில் படிந்த பட்டுத் தூசியைத் தட்டிவிட்டு, அந்தப் பட்டனை என் மகள் அழுத்துவாள். வீடு முழுக்க ஒரு நொடி அணையும். மறுபடி தூக்கிவிட்டு, எண்ணெய்க் குளியலுக்குப் போவோம்.